ஹிஸ்டமின் குறைந்த சாப்பாடு: மும்பைத் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு செம்பூரில். மகளுக்கு அடிக்கடி உடம்பில் தடிப்பு, தலைவலி, வயிற்று உப்புசம் என்று வந்துகொண்டே இருந்தது. வேறு நோய் எதுவும் இல்லை என்று டாக்டர் பார்த்து உறுதி செய்த பிறகு, ஒரு டயட்டீஷியன் மேற்பார்வையில் ஹிஸ்டமின் குறைந்த சாப்பாட்டுக்கு மாறினோம். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன: இட்லி கூடாதா, புளி இல்லாமல் எப்படி, மீன் சாப்பிடலாமா. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். இது சமையலறைப் பக்கத்து உதவி. வைத்தியத்தை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

ஹிஸ்டமினுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஹிஸ்டமின் நம் உடம்பே தயாரிக்கும் ஒரு பொருள். இரைப்பையில் அமிலம் சுரக்கவும், தூக்கமும் விழிப்பும் சரியாக நடக்கவும் அது வேண்டும். அது சாப்பாட்டிலும் இருக்கிறது. மீன், இறைச்சி, பால், பருப்பு எல்லாவற்றிலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் உண்டு. சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. அதனால் ஊறவைத்துப் புளித்தது, பதப்படுத்திப் பல மாதம் வைத்தது, வெளியே கிடந்து கெட ஆரம்பித்தது ஆகியவற்றில் அது கூடுகிறது.

சாப்பாட்டோடு உள்ளே போகும் ஹிஸ்டமினைச் சிறுகுடலில் இருக்கும் டையமின் ஆக்சிடேஸ் என்ற நொதி உடைத்துவிடும். டி.ஏ.ஓ. என்று சுருக்கிச் சொல்வார்கள். சிலருக்கு இந்த நொதி குறைவாக வேலை செய்வதால் தொல்லை வருகிறது என்பதுதான் இப்போதுள்ள விளக்கம். முகம் சிவந்து சூடாவது, அரிப்பு, மூக்கில் நீர், தலைவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கு என்று ஆளுக்கு ஆள் வேறுபடும்.

ஒன்றை மட்டும் இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. கீழே நான் சொல்லப்போவது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

இதுவும் அலர்ஜியும் ஒன்றா? டெஸ்ட் உண்டா?

ஒன்றல்ல. வேர்க்கடலை அலர்ஜி உள்ளவருக்கு ஒரு துணுக்கு பட்டாலே ஆபத்தாகலாம். ஹிஸ்டமின் விஷயத்தில் அளவுதான் கணக்கு. ஒரு நாள் இரண்டு தக்காளித் துண்டு ஒன்றும் செய்யாது, இன்னொரு நாள் தக்காளி ரசமும் பழைய மீனும் ஊறுகாயும் சேர்ந்தால் தாங்காது.

ரத்தத்தில் டி.ஏ.ஓ. அளவு பார்க்கும் டெஸ்ட் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்து ஆம், இல்லை என்று சொல்லிவிட முடியாது. கொஞ்ச நாள் சாப்பாட்டை மாற்றி, தொல்லை குறைகிறதா என்று பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் இன்றும் டாக்டர்கள் நம்பும் வழி.

மூச்சு முட்டுவது, நாக்கோ தொண்டையோ வீங்குவது, மயக்கம் வருவது இதெல்லாம் வேறு கணக்கு. சாப்பாட்டை ஆராய்ந்துகொண்டு உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.

வாழ்நாள் முழுக்க இப்படியே சாப்பிட வேண்டுமா?

வேண்டாம். பலர் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால்தான் வீணாகத் துன்பப்படுகிறார்கள். முதல் 10 முதல் 14 நாள் வரை கண்டிப்பாக இருக்க வேண்டும். அதற்கப்புறம் ஆறு வாரம் வரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைசியில் உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லையோ அது மட்டும் விலகி நிற்கும், மற்றதெல்லாம் தட்டுக்குத் திரும்பி வரும். முதல் இரண்டு வாரத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம். விடாப்பிடியாகத் தொடராமல் டாக்டரிடம் திரும்பிப் போங்கள்.

மாதக்கணக்கில் இருபது முப்பது பொருளை ஒதுக்கி, எடை குறைந்து, சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் நிலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலைக்கு யாரும் போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

ஒரு பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள், இன்னொன்றில் கூடாது என்கிறார்கள். எதை நம்புவது?

உங்கள் குழப்பம் நியாயமானது. பார்சிலோனா ஆராய்ச்சியாளர்கள் 2021-இல் இப்படிப்பட்ட பத்து உணவுத் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ஒருமனதாகத் தள்ளப்பட்டவை புளிக்க வைத்த பண்டங்கள் மட்டும்தான். மற்றவற்றில் ஆளுக்கொரு அபிப்பிராயம். எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி போன்றவற்றில் ஹிஸ்டமின் பெரிதாக இல்லை. அவை உடம்பிலுள்ள ஹிஸ்டமினை வெளியேவிடத் தூண்டும் என்பார்கள், ஆனால் அதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

அதோடு இந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் ஐரோப்பியச் சமையலை வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் சலாமியும் பழைய சீஸும் பக்கம் பக்கமாக வரும். சுண்டைக்காய் வற்றலையோ மோர் மிளகாயையோ அங்கே தேடிப் பயனில்லை. நாம்தான் யோசிக்க வேண்டும். என் அனுபவத்தில், என்ன பொருள் என்று கேட்பதற்கு முன்னால் அது செய்து எத்தனை மணி நேரம் ஆனது, புளித்ததா, எங்கே வைத்திருந்தது என்று கேட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இட்லி, தோசை போச்சா?

முதல் இரண்டு வாரத்துக்கு ஆமாம். மாவு புளிப்பது என்றாலே பாக்டீரியா வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். மும்பை மே மாதத்தில் ராத்திரி வெளியே வைத்த மாவு விடியும்போது பாத்திரத்தைத் தாண்டிப் பொங்கி நிற்கும். அதையே ஃப்ரிட்ஜில் வைத்து நாலைந்து நாள் ஊத்துவது நம் வீடுகளின் வழக்கம். கடைப் பாக்கெட் மாவு எப்போது அரைத்தது என்று நமக்குத் தெரியவும் தெரியாது. திரும்பச் சேர்க்கும் கட்டத்தில், அன்றைக்குப் பொங்கிய மாவில் முதல் நாளே வார்த்த இரண்டு இட்லியில் இருந்து ஆரம்பித்துப் பாருங்கள். பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது. நாலாம் நாள் புளித்த தோசைதான் பலருக்குத் தகராறு.

அதுவரை என்ன செய்வது? புளிக்காத பலகாரம் நமக்குக் குறைவா என்ன. இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, சேவை, அரிசி உப்புமா எல்லாம் இருக்கின்றன. மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் பாலக்காட்டுக் குடும்பங்கள் நிறைய இருப்பதால் புட்டு மாவு எளிதாகக் கிடைக்கும். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போதும்.

தோசைதான் வேண்டும் என்று நாக்கு கேட்டால் நீர்தோசை. பச்சரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து, கொஞ்சம் தேங்காயோடு நைசாக அரைத்து, மோர் பதத்துக்குக் கரைத்து உடனே வார்க்க வேண்டும். கல் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். கரண்டியால் தேய்க்காமல் ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஊற்றினால் வலை வலையாக விழும். திருப்பிப் போட வேண்டாம், மூடி வைத்தாலே வெந்துவிடும். கொங்கண் பக்கத்து மராட்டிக்காரர்கள் செய்யும் காவணேயும் ஏறக்குறைய இதுவே. ஆனால் அவர்களுடைய ஆம்போளி புளிக்க வைத்தது. இரண்டும் ஒன்றுபோல் தெரியும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

ரவா இட்லியைத் தயிருக்குப் பதில் தண்ணீர் விட்டு ஈனோ போட்டு வேகவைக்கலாம். ஈனோவிலேயே அமிலம் இருப்பதால் தண்ணீரிலும் பொங்கும். வெண்பொங்கல் அருமையான வழி: பாசிப்பருப்பு, அரிசி, சீரகம், இஞ்சி, நெய். முந்திரியை மட்டும் விட்டுவிடுங்கள். பழைய சோறு உடம்புக்கு நல்லது என்று ஊரில் சொல்வது வாஸ்தவம்தான், ஆனால் இந்த இரண்டு வாரத்துக்கு அது ஆகாது.

தயிர் சாதம் இல்லாமல் சாப்பாடு எப்படி முடியும்?

இதைக் கேட்பவர்களின் முகத்தைப் பார்த்தாலே பாவமாக இருக்கும். பால் தாராளமாகச் சேர்க்கலாம், அன்றைக்கு வீட்டில் திரித்த பனீர் சேர்க்கலாம், வெண்ணெய், நெய் சேர்க்கலாம். தயிர் புளித்த பண்டம் என்பதால் ஆரம்பத்தில் நிறுத்துகிறோம். கடைசிச் சோற்றைக் குழையப் பிசைந்து வெதுவெதுப்பான பாலும் உப்பும் சேர்த்து, கொஞ்சம் துருவிய இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டால் ஓரளவு ஈடு கட்டும். இரண்டு வாரம் கழித்து முதலில் சேர்த்துப் பார்க்க வேண்டியவற்றில் தயிர் ஒன்று. காலையில் தோய்ந்த புளிக்காத தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். பழைய சீஸ் வகைகளுக்கு அவசரம் இல்லை, அவற்றில் ஹிஸ்டமின் நிஜமாகவே மிக அதிகம்.

புளி, தக்காளி இல்லாமல் குழம்பும் ரசமும் ஆகுமா?

நன்றாகவே ஆகும். தக்காளியில் ஹிஸ்டமின் இருப்பது அளந்து பார்த்த விஷயம். பழுக்கப் பழுக்கக் கூடும். புளியை வருஷக்கணக்கில் வைத்திருந்து பயன்படுத்துகிறோம், அதனால் முதல் கட்டத்தில் விலக்கிவிட்டு அப்புறம் தனியாகச் சோதிப்பது நல்லது. இந்த இரண்டும் போனால் சமையலே போச்சு என்று நினைப்பது, ஹோட்டல் சாம்பாரையே நம் சமையல் என்று எண்ணிப் பழகிவிட்டதால்தான்.

பாலக்காட்டு வீடுகளின் மொளகூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் புளியும் கிடையாது, தக்காளியும் கிடையாது. எங்கள் வீட்டில் செய்யும் விதம் இது. அரை டம்ளர் பாசிப்பருப்பை மஞ்சள்பொடியோடு குழைய வேகவைப்பேன். பூசணிக்காயோ புடலங்காயோ முட்டைக்கோஸோ உப்புப் போட்டு அரைவேக்காடாக வெந்ததும் பருப்பைச் சேர்ப்பேன். ஒரு கைப்பிடி தேங்காயும் ஒரு டீஸ்பூன் சீரகமும் அரைத்து விடுவேன். வழக்கமாக அரைக்கும் மிளகாய் வற்றலுக்குப் பதில் சுண்டுவிரல் அளவு இஞ்சி. ஒரே கொதி, இறக்கியதும் தேங்காய் எண்ணெயில் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் வாசம் மாடிப்படி வரை போகும். ஓலன், பொரிச்ச கூட்டு, அவியலைத் தயிர் இல்லாமல் என்று இந்த வழியில் இன்னும் பல உண்டு.

புளிப்பு கட்டாயம் வேண்டும் என்றால் பச்சை மாங்காய். கைரி என்று கேட்டால் பிப்ரவரி, மார்ச்சிலிருந்து மழை தொடங்கும் வரை காய்கறி விற்கும் எல்லாப் பாஜிக்காரர்களிடமும் இருக்கும். சீசனில் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் கொஞ்ச நாள் ஓடும். கோகம், எலுமிச்சை இரண்டையும் பின்னால் தனித்தனியாகச் சோதியுங்கள். ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர், தட்டிய சீரகம், இஞ்சி, கொத்தமல்லி போதும். சளி பிடித்தவர்களுக்குக்கூட இது இதமாக இருக்கும்.

மிளகாய், மிளகு, கடுகு, மசாலாப் பொடிகளில் எதைச் சேர்க்கலாம்?

உப்பு, மஞ்சள், சீரகம், தனியா, கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை, புதினா, புதிதாக நசுக்கிய இஞ்சி, பூண்டு. முதல் கட்டத்தில் நான் இவற்றோடு நிறுத்திக்கொள்வேன். காரமான மிளகாயும் மிளகும் பல பட்டியல்களில் எச்சரிக்கைக்குள் வருகின்றன, குடலை எரிச்சலூட்டுவதும் ஒரு காரணம். அதனால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, முதலில் மிளகையும் பிறகு பச்சை மிளகாயையும் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள். பட்டை, கிராம்பு, ஜாதிக்காயும் அப்படியே. தாளிப்பில் போடும் கால் ஸ்பூன் கடுகைப் பற்றி ரொம்பக் கவலைப்படத் தேவையில்லை. பாட்டிலில் வரும் கடுகு சாஸில் வினிகர் இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

பெருங்காயம் சிட்டிகை அளவில் பெரும்பாலும் பிரச்சினை செய்யாது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும் என்பதைக் கோதுமை ஆகாதவர்கள் கவனிக்க வேண்டும்.

சாம்பார் பொடி, கறி மசாலா பாக்கெட்டுகளைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். பத்துப் பொருள் கலந்திருப்பதில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தனியாவும் சீரகமும் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வறுத்துப் பொடித்து, சின்ன டப்பாவில் ஒரு வாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மும்பை ஈரக்காற்றில் பொடி சீக்கிரம் மக்கிப்போகும். பாக்கெட் இஞ்சி பூண்டு விழுதில் பதப்படுத்தும் பொருள் சேர்த்திருப்பார்கள், லேபிளைப் படியுங்கள். சோயா சாஸ், வினிகர், ஷெஸ்வான் சட்னி, ஊறுகாய், மோர் மிளகாய் எல்லாம் தெளிவாகவே வேண்டாம்.

மும்பையில் இருந்துகொண்டு மீன் சாப்பிடாமல் இருப்பதா?

சாப்பிடலாம், ஆனால் வாங்கும் விதம் மாற வேண்டும். மீன் விஷயத்தில் ஹிஸ்டமின் சந்தேகத்துக்கு இடமில்லாத சங்கதி. நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே இதனால் முகம் சிவந்து, தலை வலித்து, வாந்தி வருவது உண்டு. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் ஒரு கிலோ மீனுக்கு 200 மில்லிகிராம் ஹிஸ்டமினுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறது.

பங்டா, சுர்மை, சூரை, மத்தி போன்ற சதை கருத்த, எண்ணெய் உள்ள மீன்களில் ஹிஸ்டிடின் அதிகம். பங்டா நம் கானாங்கெளுத்தி, சுர்மை வஞ்சிரம். பிடித்து ஐஸில் வைக்காமல் சில மணி நேரம் வெயிலில் கிடந்தால் போதும், அது ஹிஸ்டமினாக மாறிவிடும். மணத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கெட்ட வாடை வருவதற்கு முன்னாலேயே ஹிஸ்டமின் ஏறியிருக்கும். வாயில் வைத்ததும் மிளகு கடித்தது போல் நாக்கில் சுருக்கென்றால் உடனே துப்பிவிடுங்கள். ஆனால் எல்லா நேரமும் அப்படி அடையாளம் காட்டாது.

பாப்லெட் என்று விற்கும் வாவல், கிழங்கான் போன்ற வெள்ளைச் சதை மீன்கள் ஒப்பீட்டளவில் பரவாயில்லை. மீன் துறைமுகமான சசூன் டாக்கில் விடியற்காலையில் ஏலம் நடக்கும், அங்கிருந்து நேராக வரும் மீன்தான் நமக்கு வேண்டும். தெரிந்த மீன்கார மாவ்ஷியிடம் வாடிக்கை வைத்துக்கொள்ளுங்கள். இன்று வந்ததா, நேற்றையதா என்று வாடிக்கையாளருக்கு உண்மையைச் சொல்வார்கள். கூடையில் ஐஸ் மீனுக்கு மேலே மட்டும் இருக்கிறதா, அடியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். செவுளையும் குடலையும் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள், பாக்டீரியா அதிகம் இருப்பது அங்கேதான். பையில் ஐஸ் போட்டு எடுத்து வந்து, வந்த கையோடு சமைத்துவிடுங்கள்.

பொரிப்பதும் சுடுவதும் வேகவைப்பதைவிட ஹிஸ்டமின் அளவைக் கூட்டுவதாகக் கொரியாவில் 2017-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதனால் தவா ஃப்ரையைவிடத் தேங்காய்ப்பாலில் கொதித்த குழம்பு மேல்.

ஜூன், ஜூலை மாதங்களில் இயந்திரப் படகுகள் கடலுக்குப் போகத் தடை. அப்போது கடைக்கு வரும் கடல் மீனில் நிறையப் பழைய ஸ்டாக். அந்த இரண்டு மாதமும் மீனை மறந்துவிடுவது நல்லது. கருவாடு, காய்ந்த இறால் வகைகளான சுக்கட், ஜவ்லா, காய்ந்த போம்பில் மீன் எதுவும் இந்தச் சாப்பாட்டில் சேராது. ‘கரப்பான் பண்டம்’ என்று பெரியவர்கள் கருவாட்டையும் கத்திரிக்காயையும் சேர்த்துத் தள்ளிவைத்தார்களே, அது இங்கே அப்படியே பொருந்துகிறது.

சிக்கன், மட்டன், முட்டை?

அன்று அறுத்தது, அன்றே சமைத்தது, அன்றே தின்று முடித்தது என்றால் சரி. தயிரிலும் வினிகரிலும் ஊறவைத்த பாக்கெட் சிக்கன், சாசேஜ், சலாமி கூடாது. நன்றாக வெந்த முட்டை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும்.

மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? ஆபீஸ் டப்பாவுக்கு என்ன வழி?

ஃப்ரிட்ஜில் பாக்டீரியாவின் வேகம் குறையும், நிற்காது. சோறு, காய், சப்பாத்தியைவிட மீன், இறைச்சி, பருப்புக் குழம்புகளில்தான் கவனம் வேண்டும். மிஞ்சும் என்று தெரிந்தால் சாப்பிட உட்காருவதற்கு முன்பே ஒரு பங்கைத் தனியாக எடுத்து, அகலத் தட்டில் ஆறவிட்டு, சின்னச் சின்ன டப்பாவில் ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். வேண்டும்போது நேராக அடுப்பில் வைத்துச் சூடாக்குங்கள். மேடையில் மூன்று மணி நேரம் உருக வைத்தால் ஃப்ரீஸ் செய்த பலனே போய்விடும். எங்கள் வீட்டில் டப்பா மேல் தேதி ஒட்டும் பழக்கம் வந்த பிறகு சண்டையும் குறைந்தது.

ஆபீஸ் டப்பா கொஞ்சம் சிரமம்தான். டோம்பிவிலியிலிருந்து ஏழு மணி லோக்கலைப் பிடிப்பவர் ஆறு மணிக்கு அடைத்த சாப்பாட்டை ஒரு மணிக்குத் திறக்கிறார். நடுவில் ஏழு மணி நேரப் புழுக்கம். அவர்களுக்குச் சப்பாத்தி, உருளைக்கிழங்கு, கேரட் பீன்ஸ் பொரியல், தேங்காய் சாதம் மாதிரி உலர்ந்த வகைகளே நல்லது. தேங்காய் சாதத்தில் வேர்க்கடலை, முந்திரி வேண்டாம். டப்பாவாலாவிடம் கொடுக்க முடிந்தவர்களுக்கு வசதி. அவர்கள் பொதுவாக ஒன்பது, பத்து மணிக்குத்தான் எடுக்க வருவார்கள், அதனால் சாப்பாடு அவ்வளவு நேரம் கிடக்காது. பருப்பும் கூட்டும் அதில் அனுப்பலாம்.

காய்களில் எவை தைரியமாக வாங்கலாம்?

விலக்க வேண்டியவை மூன்றுதான் முக்கியம்: தக்காளி, கத்திரிக்காய், பாலக் கீரை. இந்த மூன்றிலும் ஹிஸ்டமின் இருக்கிறது. பாலக்கை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் ஓரளவு குறையும். பின்னால் சோதிக்கும்போது அந்த வழியில் ஆரம்பியுங்கள்.

மற்றபடி நாட்டுக்காய் எல்லாம் உங்கள் பக்கம். பாஜிக் கடையில் தூதி என்பது சுரைக்காய், படவள் என்பது புடலங்காய், தொட்கா அல்லது சிராளி என்பது பீர்க்கங்காய், லால் போப்ளா என்பது பரங்கிக்காய். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், வெண்டைக்காய், சௌசௌ, உருளைக்கிழங்கு எதற்கும் பயம் வேண்டாம். பருப்பில் பாசிப்பருப்பில் தொடங்குங்கள். துவரை, உளுந்து, கொண்டைக்கடலை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக.

பழங்களில் ஆப்பிள், பேரிக்காய், மாதுளை, தர்பூசணி, மாம்பழம். ஹாபுஸ் சீசனில் இந்தச் சாப்பாட்டைத் தொடங்குபவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அதுவே டிசம்பர், ஜனவரி என்றால் மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரி தெருவெல்லாம் சிவப்பாகக் குவிந்து கிடக்கும், அதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போக வேண்டும். பப்பாளி, அன்னாசி, ஆரஞ்சும் முதல் கட்டத்தில் வேண்டாம்.

ஃபில்டர் காபி, கட்டிங் சாய்?

டீயைப் பல பட்டியல்கள் விலக்கச் சொல்கின்றன, காபியில் கருத்து ஒன்றாக இல்லை. முடிந்தால் இரண்டு வாரம் இரண்டையும் விட்டுவிட்டு, முதலில் காபியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். திடீரென்று விட்டால் வரும் தலைவலி காபியை நிறுத்தியதால் வருவது, அதை ஹிஸ்டமின் கணக்கில் எழுதாதீர்கள். இதனால்தான் டிக்காஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அப்புறம் சாப்பாட்டு மாற்றத்தை ஆரம்பிக்கச் சொல்கிறேன். சுக்கு, தனியா, பனங்கற்கண்டு போட்ட பால் நல்ல மாற்று. மதுவில் ஹிஸ்டமினும் உண்டு, அதை உடைக்கும் நொதியையும் அது தடுக்கும். எனவே அறவே வேண்டாம்.

வெளியே சாப்பிட வேண்டி வந்தால்?

பாவ் பாஜி, மிசல், சைனீஸ் மூன்றும் கஷ்டம். வடா பாவில் காய்ந்த பூண்டுச் சட்னியும் புளிச் சட்னியும் சேர்ந்துவிடும், சட்னி இல்லாமல் சூடான வடாவை மட்டும் கேட்டு வாங்கலாம். டோக்ளா புளிக்க வைத்துச் செய்வது. சோடாவோ ஈனோவோ போட்டு உடனே செய்யும் கமண் வேறு, ஆனால் அதிலும் எலுமிச்சை உப்பும் கடலைமாவும் உண்டு. உடுப்பி ஹோட்டலில் பொங்கல் அல்லது நீர்தோசை கிடைத்தால் சாம்பாரைத் தவிர்த்துத் தேங்காய்ச் சட்னியோடு சாப்பிடுங்கள், புளியோ தயிரோ சேர்த்தார்களா என்று கேட்டுக்கொண்டு. கல்யாண வீட்டில் சாதம், நெய், பாசிப்பருப்பு, ஒரு பொரியல் என்று முடித்துக்கொள்ளலாம். யாராவது வற்புறுத்தினால் டாக்டர் சொன்ன பத்தியம் என்று சொல்லுங்கள், நம் ஜனங்கள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

வேறு மாத்திரை சாப்பிடுகிறேன். அதுவும் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். கிளாவுலானிக் அமிலம், குளோரோகுயின், வெராபமில், அசிடைல்சிஸ்டீன், ஐசோனியாசிட் போன்ற மருந்துகள் டி.ஏ.ஓ. நொதியைத் தடுக்கும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. இதில் கிளாவுலானிக் அமிலம், இங்கே டாக்டர்கள் அடிக்கடி எழுதும் அமாக்ஸிசிலின் மாத்திரையோடு சேர்ந்து வருவது.

ஐசோனியாசிட் காசநோய் மருந்து. அதைச் சாப்பிடுபவர்கள் பழைய மீனால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் காசநோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டு, மீனை நிறுத்துங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த மருந்தாக இருந்தாலும் மாற்றுவது அவர் வேலை.

டி.ஏ.ஓ. மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் எதையும் சாப்பிடலாமா?

அப்படி இல்லை. சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எடுத்துக்கொள்ளும் துணைப் பொருள் அது, ஆதாரமும் இன்னும் குறைவுதான். பெரும்பாலானவை பன்றியின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்படுபவை. சைவர்கள் வாங்கும் முன் லேபிளைப் பார்க்க வேண்டும்.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்யலாமா?

சொந்தமாக வேண்டாம். வளரும் பிள்ளையிடமிருந்து தயிர், பருப்பு, மீன், கீரை எல்லாவற்றையும் ஒரே வீச்சில் பிடுங்கினால் புரதமும் இரும்புச் சத்தும் எங்கிருந்து வரும்? எங்கள் மகளுக்கு வாரா வாரம் எடை பார்த்துத்தான் டயட்டீஷியன் அடுத்த பொருளைச் சேர்த்தார். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியே டி.ஏ.ஓ.வை ஏராளமாகச் சுரக்கும், சிலருக்குத் தொல்லை தானாகவே குறைவதும் உண்டு. அந்த நேரத்தில் சாப்பாட்டைக் குறைக்கும் பேச்சை டாக்டர் சொல்லாமல் தொடங்கவே கூடாது.

ஊருக்கு ரயிலில் போகும்போது என்ன கட்டிக்கொண்டு போவது?

மும்பையிலிருந்து சென்னைக்கே ஏறக்குறைய ஒரு நாள், நாகர்கோவில் பக்கம் என்றால் இன்னும் கூடுதல். வழக்கமாகக் கட்டும் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, தயிர் சாதம் மூன்றும் இப்போது ஆகாது. முதல் வேளைக்குச் சப்பாத்தியும் தண்ணீர் படாமல் வதக்கிய உருளைக்கிழங்கும். அடுத்த வேளைக்கு அவல், தேங்காய்த் துருவல், வெல்லம், மூன்றையும் தனித்தனிப் பொட்டலமாக. தேங்காயை மட்டும் ஃப்ரீசரில் உறைய வைத்து எடுத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஆப்பிள், பேரிக்காய் நாலைந்து. ஃப்ளாஸ்கில் வெந்நீர் இருந்தால் அவலை அதில் நனைத்துக்கொள்ளலாம். ரயிலில் விற்கும் ஆம்லெட் கண்முன்னால் போட்டதாக இருந்தால் மட்டும், மிளகாய் இல்லாமல் கேட்டு வாங்கலாம்.